முற்றத்துக்கு இன்டர்லொக் கல்: கொட்டேஷனில் எழுதாத பத்து அங்குலம்

கேள்வி இதுதான். தெகிவளையில் வீடு. கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரை கார் வருகிற முன்முற்றமும், பின்னால் உடுப்புக் காயப்போட்டு, பின்னேரத்தில் கதிரை போட்டு உட்காருகிற இடமும் சேர்த்து 600 சதுர அடி அளவில் இன்டர்லொக் கல் பதிக்க வேண்டும். மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கியிருக்கிறீர்கள். அதில் ஒருவருடைய விலை மற்ற இருவருடையதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்பா 'பேசாமல் கொங்கிரீட் போடுங்கோ' என்கிறார். கனடாவில் இருக்கும் அண்ணா ஒரு வீடியோ அனுப்பி, அடியில் ஒரு அடிக்குக் கல் போட்டு இறுக்காவிட்டால் வேலை நிற்காது என்கிறார். யார் சொல்வது சரி, கூடின விலைக்காரர் ஏமாற்றுகிறாரா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஏமாற்றுகிறாரா என்று நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. மூன்று கொட்டேஷனிலும் இருப்பது ஒரே வரி: இன்ன கல், சதுர அடிக்கு இவ்வளவு, கூலியோடு. கண்ணுக்குத் தெரியப்போகிற மேல் மூன்று அங்குலத்துக்குத்தான் விலை எழுதியிருக்கிறார்கள். வேலை நிற்பதும் படுத்துப்போவதும் அதற்குக் கீழே உள்ளதால். கீழே என்ன போடுவார்கள், எவ்வளவு தடிப்பில், எப்படி இறுக்குவார்கள் என்று ஒருவரும் எழுதவில்லை. ஆகவே இரண்டு மடங்கு விலைக்காரர் நேர்மையானவராகவும் இருக்கலாம், மற்ற இரண்டு பேரும் செய்கிற அதே வேலையைக் கூடின விலைக்குச் செய்கிறவராகவும் இருக்கலாம்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும். மூன்று பேருக்கும் போன் எடுத்து, "தோண்டுற மண்ணை எங்க கொண்டுபோவீங்க?" என்று கேளுங்கள். கணக்கைப் பாருங்கள். கார் வருகிற இடத்துக்கு 80 மில்லிமீற்றர் கல் என்றால் மூன்றேகால் அங்குலம். அதன் கீழே மணல் ஒரு அங்குலம். அதன் கீழே இறுக்கிய கல் அடித்தளம் ஆறு அங்குலம். மொத்தம் பத்தேகால் அங்குலம். முற்றத்தின் மட்டம் இப்போது இருக்கிற மட்டத்திலேயே இருக்க வேண்டுமென்றால் அவ்வளவு ஆழம் தோண்டித்தான் ஆக வேண்டும். 600 சதுர அடிக்கு அது ஐந்து கியூப் மண் (ஒரு கியூப் என்பது நூறு கன அடி). வெட்டினால் உப்பும், ஆறு கியூபுக்கு மேல் வரும். இரண்டு மூன்று டிப்பர் லோட். தெகிவளை ஒழுங்கைகளில் டிப்பரை உள்ளே விடுவதே ஒரு வேலை. கொட்டுகிற இடத்துக்கும் காசு. உண்மையாகத் தோண்டப்போகிறவர் இந்தச் செலவை ஏற்கெனவே யோசித்து வைத்திருப்பார், கேட்டவுடன் பதில் வரும். "மண்ணா? அது பெரிசா வராது, இங்கயே பரவி விடலாம்" என்று ஒருவர் சொன்னால், மேலே உள்ள புல்லைச் செதுக்கிவிட்டு, கல்தூளைப் பரப்பி, அதன்மேல் கல்லை அடுக்கப்போகிறார் என்று அர்த்தம். விலை குறைவதற்கு வேறு மாயம் ஒன்றும் இல்லை.

அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்பதை நெதிமால பக்கம் ஒரு வீட்டில் பார்த்தேன். பதித்து ஒரு மழைக்காலம்தான் போயிருந்தது. மேலிருந்து பார்த்தால் இரண்டு டயர் போகிற தடத்திலும் நீளமாக இரண்டு பள்ளம், அதில் தண்ணீர் நிற்கிறது. நடுவில் கல் கூரையின் முகடுபோல உயர்ந்து நிற்கிறது. இடைவெளிகளில் மணலே இல்லை. கல்லைக் கையாலேயே ஆட்டலாம். ஒரு கல்லை இரும்புத் தகட்டால் நெம்பி எடுத்தோம். அடியில் கல்தூள் ஈரச் சீமெந்துக் குழையலாக இருந்தது, விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. அதற்கும் கீழே அலவாங்கை வைத்துச் சாய்ந்தால் ஒரு அடி சும்மா இறங்கிற்று. மேலே கல் ஒன்றுகூட உடையவில்லை. நல்ல கல். வீட்டுக்காரர் விலை கூடின கல்லாகப் பார்த்துத்தான் வாங்கியிருந்தார்.

இன்டர்லொக் கல் வேலை செய்கிற விதத்தை ஒருமுறை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். ஒவ்வொரு கல்லும் தனித்தனி. காரின் ஒரு சக்கரம் ஒரு கல்லின்மேல் ஏறும்போது அந்தப் பாரத்தை இடைவெளியில் இறுகிய மணல் பக்கத்துக் கற்களுக்குக் கடத்துகிறது, அவை இன்னும் பக்கத்துக்குக் கடத்துகின்றன. கடைசியில் பாரம் பரவி அடித்தளத்துக்குப் போய், அங்கிருந்து மண்ணுக்குப் போகிறது. ஆகவே மூன்று விஷயம் கெடக்கூடாது: இடைவெளி மணல் நிறைந்திருக்க வேண்டும், ஓரம் நகரக்கூடாது, அடித்தளம் அமுங்கக்கூடாது. கல்லின் வடிவம், நிறம், பெயர் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இனி உங்கள் மண். தெகிவளை என்றால் ஒரே மண் இல்லை. காலி வீதியிலிருந்து கடல் பக்கம் பெரும்பாலும் மணற்பாங்கு. தண்ணீர் நிற்காது, இறுக்கினால் நன்றாக நிற்கும். மேட்டுப் பக்கங்களில் கபுக் என்கிற செம்பூரான்கல் வரும், அது இன்னும் நல்லது. ஆனால் உள்ளே அத்திடிய, பெல்லன்வில பக்கம் போகப்போகச் சதுப்பு நிலம். நிரப்பி வீடு கட்டிய காணிகள் நிறைய. நீங்கள் எந்தப் பக்கம் என்று எழுதவில்லை. மழை விட்ட மறுநாள் முற்றத்தில் ஒரு அடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டிப் பாருங்கள். மணல், செம்மண், கபுக் என்றால் ஆறு அங்குல அடித்தளம் தாராளம். பின்பக்கம் ஆட்கள் மட்டும் நடக்கிற இடத்துக்கு நான்கு அங்குலம் போதும். கறுத்த சேறு, பழைய குப்பை, உடைந்த செங்கல், அழுகின மரவேர் என்று வந்தால் இன்னும் ஆறு அங்குலம் கூட வெட்டி எடுத்துக் கிரவல் போட்டு நிரப்ப வேண்டும். அதோடு வெட்டிய மண்ணுக்கும் கல்லுக்கும் இடையில் ஜியோடெக்ஸ்டைல் துணி விரிக்க வேண்டும், தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கிற துணி அது. துணி இல்லாவிட்டால் சேறு மெல்ல மேலே ஏறிக் கல்லுக்குள் புகுந்துவிடும், கல்லும் சேற்றுக்குள் இறங்கிவிடும்.

துணி என்று சொன்னால் சிலர் கறுத்த பொலித்தீனைக் கொண்டுவந்து விரிப்பார்கள், "புல் முளைக்காது" என்று ஒரு நியாயமும் சொல்வார்கள். விடாதீர்கள். பொலித்தீன் தண்ணீரைப் பிடித்து வைத்து அடித்தளத்தைக் குழம்பாக்கும். புல் கீழே இருந்து பத்து அங்குலம் துளைத்துக்கொண்டு வருவது அரிது. காற்றில் வருகிற விதை இடைவெளியில் சேருகிற தூசியில் விழுந்து மேலேதான் முளைக்கிறது.

அடித்தளத்துக்கு நம்முடைய ஆட்கள் ஏ.பி.சி. என்று சொல்கிற கலவைக் கல்தான் சரியானது. ஒன்றரை அங்குலக் கல்லிலிருந்து தூள் வரை எல்லா அளவும் கலந்து வரும், அதனால் இறுக்கினால் ஒன்றுக்குள் ஒன்று அடைந்து கட்டியாகும். ஒரே அளவுச் சல்லியைக் கொட்டினால் எவ்வளவு இடித்தாலும் உருளும். ஆறு அங்குலம் என்பது இறுக்கிய பிறகு உள்ள கணக்கு. 600 சதுர அடிக்கு இறுகிய நிலையில் மூன்று கியூப், கொட்டும்போது நான்கு கியூப் அளவு வாங்க வேண்டும். அதை ஒரேயடியாகப் பரப்பி மேலால் மெஷினை ஓட்டினால் மேல் மூன்று அங்குலம்தான் இறுகும். வாடகைக்கு வருகிற சின்னப் பிளேட் கொம்பெக்டர்களுக்கு அதற்கு மேல் பலம் இல்லை. இரண்டு தட்டாகப் போட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் தண்ணீர் தெளித்து, நான்கைந்து முறை குறுக்கும் நெடுக்குமாக ஓட்ட வேண்டும். ஈரம் எவ்வளவு என்றால், ஒரு கைபிடி அள்ளிப் பிசைந்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கால் தண்ணீர் வழியக்கூடாது. முடிந்த பிறகு உங்கள் காரை அதன்மேல் ஒருமுறை ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். டயர் அச்சு விழுந்தால் இன்னும் இறுகவில்லை. வேலை செய்கிற பாஸ் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

இந்த இடத்தில் இன்னொன்று. முற்றத்துக்கு வேண்டிய சரிவு அடித்தளத்திலேயே இருக்க வேண்டும். அடித்தளத்தை மேடும் பள்ளமுமாக விட்டுவிட்டு, "மணல்ல மட்டம் எடுத்துக்கலாம்" என்று சொல்வது நம்மூரில் வழக்கம். அப்போது ஒரு இடத்தில் மணல் அரை அங்குலம், இன்னொரு இடத்தில் மூன்று அங்குலம். முதல் நாள் கண்ணாடிபோலத் தெரியும். ஆறு மாதத்தில் மூன்று அங்குலம் இருந்த இடம் இறங்கிவிடும்.

மணல் விரிக்கிற வேலையை நேரில் நின்று பாருங்கள், பாஸ் கைகாரரா இல்லையா என்று அதிலேயே தெரிந்துவிடும். தெரிந்த ஆள் ஒரு அங்குல ஜி.ஐ. பைப் இரண்டை அடித்தளத்தின்மேல் ஆறேழு அடி இடைவெளியில் கிடத்துவார். நடுவில் மணலைக் கொட்டி, நேரான அலுமினியச் சட்டத்தை இரண்டு பைப்பின்மேலும் வைத்து, முழங்காலில் இருந்து பின்னோக்கி இழுத்துக்கொண்டே வருவார். பிறகு பைப்பை மெதுவாக உருவி, அது கிடந்த பள்ளத்தில் மணலைத் தூவிக் கரண்டியால் தடவி விடுவார். அதற்குப் பிறகு அந்த மணலில் ஒருவரும் கால் வைக்கக்கூடாது, மெஷினும் ஓட்டக்கூடாது. ஏற்கெனவே பதித்த கல்லின்மேல் நின்றுகொண்டு முன்னோக்கியே அடுக்கிப் போவார்கள். மணலை விரித்துவிட்டு அதையும் இடித்து இறுக்குகிற ஆளைக் கண்டால், அவர் டைல் பதிக்கிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மணல் என்பதில் என்னோடு பல பாஸ்மார் சண்டை பிடித்திருக்கிறார்கள். கொழும்பில் முக்கால்வாசிப் பேர் போடுவது கல்தூள். மலிவு, கைக்கு மட்டமாக வரும், உடனே இறுகின மாதிரி இருக்கும். ஆனால் அதில் மாவுபோன்ற தூள் அதிகம். தண்ணீரை விடாது, நனைந்த நிலையில் பாரம் விழுந்தால் குழைந்து இடைவெளியால் மேலே பீச்சும். நெதிமாலையில் நான் பார்த்தது அதைத்தான். வருடத்துக்குச் சராசரி 2,400 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிற ஊரில் இது வேண்டாம். பருமனான, சொரசொரப்பான, கழுவிய மணல் வேண்டும். ஆற்று மணல் விலைதான், ஆனால் 600 சதுர அடிக்கு வேண்டியது முக்கால் கியூப் அளவு மட்டுமே; மொத்தச் செலவில் இது தெரியவே தெரியாது. நன்றாகக் கழுவிய தயாரிப்பு மணலும் சரி. கடல் மணல் என்றால் உப்புப் போகக் கழுவியதா என்று கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் கல்லில் வெள்ளை பூக்கும். மணலுக்குள் சீமெந்துத் தூளைக் கலக்கிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இளகிக்கொடுக்க வேண்டிய ஒன்றைப் பாதி விறைப்பாக்கினால் அது வெடிக்கும், பிறகு ஒரு கல்லைக்கூடச் சுத்தமாகக் கழற்ற முடியாது.

கல்லுக்கு வருவோம். முன்பக்கத்துக்கு 80 மில்லிமீற்றர், பின்பக்கத்துக்கு 60. "கார் மட்டும்தானே, 60 போதும்" என்பார்கள். நல்ல அடித்தளத்தில் கார் மட்டும் என்றால் 60 தாங்கும், உண்மைதான். ஆனால் உங்கள் வீட்டுக்கு என்றைக்காவது மலக்குழி உறிஞ்சுகிற கலி பவுசர் வரும், தண்ணீர் வெட்டு நாளில் தண்ணீர் பவுசர் வரும், யாராவது மாடி கட்டினால் கல் லொறி வரும். அந்த வித்தியாசத்துக்கு 80 போட்டுவிடலாம். 200க்கு 100 மில்லிமீற்றர் செவ்வகக் கல் என்றால் சதுர மீற்றருக்கு 50 கல். 600 சதுர அடி என்பது 56 சதுர மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு, ஆகவே 2,800 கல். வெட்டுக்கும் உடைவுக்கும் சேர்த்து 2,950 சொல்லுங்கள். 80 மில்லிமீற்றர் கல் ஒன்று மூன்றரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். எல்லாம் அதே தடிப்பு என்றால் பத்துத் தொன். ஒழுங்கைக்குள் லொறி வராவிட்டால் அதைத் தள்ளுவண்டியில் இழுக்க வேண்டும், அந்தக் கூலி யாருடையது என்றும் முதலே பேசிக்கொள்ளுங்கள்.

வாங்கும் இடத்தில் எஸ்.எல்.எஸ். 1425 தரத்துக்குச் செய்ததா, சோதனை அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் இந்தக் கற்களுக்கென்றே போட்ட தரம் அது. அறிக்கையை நீட்டாமல் "நம்மட கல்லப் பற்றிக் கொழும்பு முழுக்கத் தெரியும்" என்றால், இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும்; மொத்தென்று கேட்டால் இன்னும் பச்சை, இறுகவில்லை. விளிம்பை ஆணியால் கீறினால் மணல் உதிரக்கூடாது. பத்துக் கல்லை வரிசையாக நிறுத்தித் தடிப்பைப் பாருங்கள். ஒன்றுக்கொன்று மூன்று மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் என்றால் பதித்த பிறகு கால் தட்டும். செய்து ஒரு வாரத்தில் ஏற்றிக் கொடுக்கிற இடங்களும் இருக்கின்றன, கல் அடுக்கி வைத்திருக்கிற தட்டில் செய்த தேதி இருக்கிறதா என்று பாருங்கள்.

நிறம் உங்கள் விருப்பம். ஒன்று மட்டும் சொல்கிறேன், பின்பக்கத்துக்குக் கறுப்பும் கடும் சாம்பலும் வேண்டாம். அம்மா மத்தியானம் வெறுங்காலோடு உடுப்பு எடுக்கப் போவார்.

அடுக்குவது கார் வருகிற இடத்தில் ஹெரிங்போன் முறையில்தான், வேறு யோசனையே வேண்டாம். மீன் முள்போல மாறி மாறிக் குறுக்கே வருவதால் பிரேக் பிடிக்கும்போதும் ஸ்டீயரிங்கை நின்ற இடத்தில் திருப்பும்போதும் கல் நகராது. செங்கல் கட்டுகிற மாதிரி நேர்வரிசையில் அடுக்கினால் வரிசை வரிசையாக வளையும். பின்பக்கத்துக்கு எந்த டிசைனும் போடலாம். ஓரத்தில் வெட்டுத் துண்டு வரும்போது கல்லின் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்த துண்டை வைக்க விடாதீர்கள், அது முதலில் கழன்று வரும். கிரைண்டரால் வெட்டச் சொல்லுங்கள். சுத்தியலால் கொத்திவிட்டுச் சீமெந்துப் பூச்சால் மறைக்கிற பழக்கம் ஒன்று இருக்கிறது.

ஓரக் கட்டு இல்லாத இன்டர்லொக் முற்றம் நிற்காது. மதில், வீட்டுச் சுவர் இருக்கிற பக்கம் பிரச்சினை இல்லை. பூப்பாத்திப் பக்கமும் கேட் வாசலும்தான் திறந்த இடங்கள். அங்கே ஓரத்தைப் பிடிக்கிற கேர்ப் கல்லை அடித்தளத்தின் மட்டத்துக்குக் கீழே இறக்கி, அடியிலும் பின்புறத்திலும் கொங்கிரீட் போட்டுப் பிடிக்க வேண்டும். சும்மா மண்ணில் நட்டுச் சீமெந்துச் சாந்து அப்பினால் மூன்றாவது மாதம் வெளியே சாயும். கேட்டுக்கு வெளியே இருப்பது மாநகர சபையின் நிலம், கல்லைக் கேட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எல்லாம் அடுக்கி முடிந்த பிறகுதான் மெஷின். முதலில் இடைவெளியில் மணல் இல்லாமல் இரண்டு முறை ஓட்டி, கற்களை மணலுக்குள் அமர்த்த வேண்டும். அப்போது உடைகிற கல்லை மாற்றிவிடலாம். பிறகு நன்றாகக் காய்ந்த சன்ன மணலைக் கொட்டிக் கூட்டி, ஓட்டி, மறுபடி கூட்டி, மறுபடி ஓட்டி, இனி இறங்காது என்கிற வரை. மணல் ஈரமாக இருந்தால் வாயிலேயே அடைத்துக்கொள்ளும், உள்ளே போகாது. பாஸ்மார் இங்கேதான் அவசரப்படுவார்கள், அடுத்த வேலைக்கு ஆள் கூப்பிடும். ஒரு வாரம் கழித்து வந்து இன்னொருமுறை மணல் கூட்டித் தருவதையும் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனித் தண்ணீர். நான் உங்கள் வீட்டுக்கு வந்தால் கல்லைப் பற்றிப் பேசுவதற்கு முதல் கேட்பது இதைத்தான்: மழைத் தண்ணீர் எங்கே போகிறது? ஒரு மணித்தியாலத்தில் 50 மில்லிமீற்றர் மழை கொழும்புக்குப் புதிதில்லை. 600 சதுர அடியில் அது ஏறக்குறைய 2,800 லீற்றர். ஆயிரம் லீற்றர் டாங்கி மூன்று கவிழ்த்த மாதிரி. கூரைத் தண்ணீரும் முற்றத்தில்தான் விழுகிறதென்றால் இன்னும் கூடும். 2010 நவம்பரில் நாடாளுமன்ற வளவுக்குள்ளேயே வெள்ளம் வந்தது நினைவிருக்கும். சதுப்பை நிரப்பிக் கட்டிய நகரத்தில் ஒவ்வொரு முற்றமும் மூடும்போது தண்ணீருக்கு இடம் குறைகிறது. சாதாரண இன்டர்லொக்கில் இடைவெளியால் கொஞ்சம் இறங்கும், அதை நம்பக்கூடாது. நூற்றுக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு பங்கு சரிவு வேண்டும். 20 அடி நீளத்துக்கு நான்கு, ஐந்து அங்குலம். அது வீட்டிலிருந்து வெளிப்பக்கமாக இறங்கிக் கானில் போய்ச் சேர வேண்டும். வீதிக் கான் உங்கள் முற்றத்தைவிட உயரத்தில் இருந்தால், வீதியை மேல் மேலாகத் தார் போட்டு உயர்த்திய பல ஒழுங்கைகளில் அப்படித்தான், கேட்டுக்கு உள்ளே குறுக்கே ஒரு கிறில் கான், அதாவது மேலே கம்பித் தட்டுப் போட்ட கான், வைத்துப் பக்கத்தால் எடுக்க வேண்டும். மலக்குழாய் மேன்ஹோலுக்குள் மழைத் தண்ணீரை விடுகிற குறுக்கு வழியைச் செய்யாதீர்கள், அடுத்த மழைக்கு அது குளியலறையால் திரும்பி வரும். முடிந்த கல்லின் மட்டம் வீட்டுச் சுவரில் உள்ள ஈரத்தடுப்பு வரிசைக்கு ஆறு அங்குலமாவது கீழே இருக்க வேண்டும். தோண்டாமல் மேலே மேலே அடுக்குகிறவர்கள் கெடுக்கிற இன்னொன்று இதுதான்: முற்றம் உயர்ந்து, சுவர் ஈரம் இழுத்து, உள்ளே பெயின்ட் உரியும்.

கானின் வாய்க்குப் பக்கத்தில் வருகிற கல்லைக் கான் விளிம்பைவிட ஐந்து மில்லிமீற்றர் உயரத்தில் விடச் சொல்லுங்கள். கொஞ்சம் அமர்ந்த பிறகு சரியாக வரும்.

அப்பா சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. கொங்கிரீட் ஒரே நாளில் முடியும், எறும்பு மண் கிளப்பாது, கேட் வாசலில் செங்குத்தாக இறங்குகிற சரிவு இருந்தால் அந்தத் துண்டுக்கு நானும் கொங்கிரீட்தான் சொல்வேன். ஆனால் கீழே குழாய் வெடித்தால் உடைக்க வேண்டும், ஒட்டுப்போட்ட இடம் சாகும்வரை தெரியும். நிலம் இறங்கினால் பாளமாக வெடிக்கும். இன்டர்லொக்கைக் கழற்றி, வேலையை முடித்து, அதே கல்லைத் திரும்பப் பதித்தால் அடையாளமே இருக்காது. இந்தக் கல் இப்படிப் பரவியதே நெதர்லாந்தில்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ரொட்டர்டாம் நகரத்தைத் திரும்பக் கட்டும்போது, செங்கல் எல்லாம் வீடுகளுக்கு வேண்டியிருந்ததால், தெருவுக்குச் செங்கல் அளவில் கொங்கிரீட் கல் செய்தார்கள். இறங்கிக்கொண்டே இருக்கிற சதுப்பு நிலத்தில், இறங்கிய இடத்தைக் கழற்றி உயர்த்துவது அவர்களுக்குக் கைவந்த கலை. இங்கே வந்து கால்வாய் வெட்டிய ஒல்லாந்தருக்குக் கொழும்புச் சதுப்பு அந்நியமாகத் தெரிந்திருக்காது.

ஏற்கெனவே முற்றத்தில் பழைய கொங்கிரீட் இருந்து, வெடிக்காமல் சரிவும் சரியாக இருந்தால் அதன்மேலேயே மணல் விரித்துப் பதிக்கலாம். ஆனால் தாழ்ந்த இடங்களில் இரண்டு அங்குலத் துளைகள் போட்டு, சின்னச் சல்லியால் நிரப்பி, மேலே ஜியோடெக்ஸ்டைல் மூட வேண்டும். இல்லாவிட்டால் மணல் ஒரு தட்டில் ஊறிக் கிடக்கும். கேட் திறக்க உயரம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அண்ணாவின் வீடியோவும் பொய் இல்லை, அவருடைய ஊருக்குச் சரி. அங்கே குளிரில் நிலத்தடித் தண்ணீர் உறைந்து நூற்றுக்கு ஒன்பது பங்கு விரிகிறது, முற்றத்தைத் தூக்கி எறிகிறது. அதற்காகத்தான் அவ்வளவு ஆழம். நமக்கு உறைபனி இல்லை. நம்முடைய எதிரி ஊறின மண். வீடியோவில் வருகிற பிளாஸ்டிக் ஓரக் கட்டைவிட இங்கே கொங்கிரீட் பிடித்த கேர்ப் மலிவு, பலமும் கூட. இடைவெளியில் போடுகிற, பசை கலந்து நனைத்தால் இறுகுகிற பொலிமர் மணலும் நல்ல சாமான்தான், ஆனால் போட்டு இறுகும்வரை காய்ந்த வானிலை வேண்டும். பின்னேர மழை வருகிற மாதத்தில் போட்டால் பால் நிறத்தில் கல்லெல்லாம் படலம் ஒட்டும். சாதாரண மணல் போதும், வருடத்துக்கு ஒருமுறை கூட்டி விடுங்கள்.

முடிந்த பிறகு வருகிற பயங்கள் சில. முதல் மழைக்கே கல்லில் வெள்ளையாகப் பூத்தால் கல் கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். சீமெந்திலுள்ள சுண்ணாம்பு ஈரத்தோடு மேலே வந்து காற்றில் பட்டு வெள்ளையாகிறது, மழையிலும் பாவிப்பிலும் சில மாதங்களில் போய்விடும். அசிட் ஊற்றித் தேய்த்தால் வெள்ளையோடு நிறமும் போகும். மதில் நிழல் விழுகிற பக்கம் பாசி பிடிக்கும், வழுக்கும். பிரஷால் தேய்ப்பது நல்லது. பிரஷர் வோஷர் அடித்தால் சாய்த்து அடித்து, பிறகு கட்டாயம் மணல் நிரப்புங்கள். தைப்பொங்கலுக்கு முற்றத்தில் பொங்குவீர்கள் என்றால் கல்லின்மேல் நேரே அடுப்பு மூட்ட வேண்டாம், சூட்டுக்குக் கொங்கிரீட் கல்லின் மேற்பரப்பு தெறித்து உரியும். இரண்டு அங்குலத்துக்கு மணல் பரப்பிச் செங்கல் அடுக்கிச் செய்யலாம். என்னைக் கேட்டால் வாசலுக்கு நேரே மூன்றுக்கு மூன்றடி மண்ணாகவே விட்டு ஓரம் கட்டிவிடச் சொல்வேன். மாமரம், தேமா மரம் இருந்தால் அதைச் சுற்றியும் மூன்றடி விடுங்கள், வேர் கல்லைத் தூக்கும்.

காசு விஷயம். கல்லை நீங்களே நேராக வாங்கி இறக்குங்கள், பாஸுக்குக் கூலியும் அடித்தளமும் மட்டும் பேசுங்கள். அட்வான்ஸ் கேட்பார்கள், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அடித்தளம் இறுக்கி முடித்து, நீங்கள் அளந்து பார்த்த பிறகு ஒரு பங்கு, பதித்து முடித்த பிறகு ஒரு பங்கு என்று எழுதிக்கொள்ளுங்கள். நூற்றுக்குப் பத்தை முதல் கடும் மழை வரை வைத்திருங்கள். தை மாசியில் தொடங்கினால் நல்லது, கொழும்பு காய்ந்திருக்கிற மாதங்கள் அவை. சித்திரைக்கு முதல் வாரம் தொடங்காதீர்கள். வருடப் பிறப்புக்கு ஊருக்குப் போன பாஸ்மார் திரும்பி வரும்போது மே மழை வந்திருக்கும், தோண்டிப் போட்ட முற்றம் குளமாகியிருக்கும்.

பதித்து முடித்த அன்றைக்கே காரை ஏற்றலாம், கொங்கிரீட்போல நாள் எண்ண வேண்டியதில்லை. மீந்த கல்லில் ஐம்பதையாவது பின்னால் அடுக்கி வையுங்கள், அடுத்த வருடம் அதே நிறம் கிடைக்காது.

தம்பி, இப்போதைக்கு இரண்டு வேலை செய்யுங்கள். மூன்று பேரிடமும் மண் கேள்வியைக் கேட்டு, அடித்தளத் தடிப்பு, கல் தடிப்பு, எந்த மணல், எத்தனை அடி கேர்ப் என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு நீளமான பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி, போர்ட்டிகோ விளிம்புக்கும் கேட் வாசலுக்கும் வீதிக் கானின் அடிக்கும் மட்டம் பார்த்து எண்களை இங்கே போடுங்கள். கிறில் கான் தேவையா இல்லையா என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்லலாம்.